நாய் குரைக்கட்டும், அளவோடு குரைக்கட்டும்

(பண்ணை வானொலியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"படைப்புழு, பாசனம்னு பேசுற ஆபீசர் இந்த வாரம் என்ன நாயைப் பத்திப் பேச வந்துட்டாரே"ன்னு சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிற விவசாயிக்கு நாய் என்பது பொழுதுபோக்குப் பிராணி அல்ல. கலப்பை, மண்வெட்டி மாதிரி அதுவும் ஒரு பண்ணைச் சொத்துதான். இரவெல்லாம் ஆடு மாடுகளையும், மோட்டார் ஒயரையும், களத்தில் கிடக்கிற தானியத்தையும் காப்பது அதுதான். ஆனால் அதே நாய் காரணமில்லாமல் ராப்பகலாகக் குரைத்துக்கொண்டே இருந்தால், அந்தச் சொத்து செல்லாக் காசாகி விடுகிறது. அது எப்படி என்பதையும், அதை எப்படித் திருத்துவது என்பதையும்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

திருப்பூர் மாவட்டத்தில் நான் வேலை பார்க்கிற வட்டாரத்தில் ஒரு விவசாயி. மேட்டாங்காடு நாலு ஏக்கர், ஒரு பட்டி செம்மறி ஆடு, இரண்டு கறவை மாடு. காவலுக்கு ஒரு நாட்டு நாய். சாளைக்கு முன்னால் வேப்பமரத்தில் நாலடிச் சங்கிலி போட்டு அதைக் கட்டியிருந்தார். காலையில் பால்காரர் வண்டி சத்தம் கேட்டால் ஆரம்பிக்கும். ஸ்கூல் பிள்ளைகள் போனால் குரைக்கும். காக்கா உட்கார்ந்தால் குரைக்கும். ராத்திரி எங்கேயோ ஒரு நாய் குரைத்தால் இதுவும் பதிலுக்கு மணிக்கணக்காகக் குரைக்கும்.

அடுத்த தோட்டம் அவருடைய பங்காளியுடையது. அந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு வயதான அம்மா. பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண். தூக்கமும் இல்லை, படிப்பும் இல்லை. முதலில் நயமாகச் சொன்னார்கள். பிறகு பேச்சு வார்த்தை நின்றது. கடைசியில் ஒரு நாள் பங்காளி வேலியோரம் வந்து நின்று, "அண்ணா, உங்க நாயை நீங்க அடக்கறீங்களா, இல்லே நானே அடக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று கிராமத்தில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு இடையில்தான் அந்த ராத்திரி வந்தது. நாய் குரைத்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விடிந்து பார்த்தால், தெருநாய்க் கூட்டம் கிளுவை வேலிச் சந்து வழியாகப் பட்டிக்குள் புகுந்து ஐந்து குட்டிகளைக் கடித்துப் போட்டிருந்தது. இரண்டு தாய் ஆடுகளுக்குத் தொடையில் காயம்.

நான் போய்ப் பார்த்தபோது அந்த விவசாயி சொன்னார்: "குரைக்கறது காதுல விழுந்துதுங்க சார். அது தெனமும் குரைக்கறதுதானே, பூனை ஏதாச்சும் போயிருக்கும்னு திரும்பிப் படுத்துட்டேனுங்க."

பாருங்க, அன்றைக்கு நாய் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் அதுவரைக்கும் ஆயிரம் தடவை வீணாகக் குரைத்ததால், நிஜமான குரைப்புக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் தெருநாய்கள் ஆட்டுப் பட்டிகளில் புகுந்து செய்த சேதத்துக்காக 2024, 2025-ம் வருடங்களில் விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

நாய் ஏன் குரைக்கிறது?

குரைப்பது நாயின் பேச்சு. எல்லாக் குரைப்பும் ஒன்றல்ல. கொஞ்சம் கவனித்தால் வித்தியாசம் தெரியும்.

அந்நியரைக் கண்டால் உடம்பை விறைத்து, வேகமாக, அடுத்தடுத்துக் குரைக்கும். இது காவல் குரைப்பு. நமக்கு வேண்டியது.

சோற்றுக்காகவோ, அவிழ்த்துவிடச் சொல்லியோ குரைக்கிற நாய் இரண்டு குரை குரைத்து நம் முகத்தைப் பார்க்கும். மறுபடி குரைக்கும், மறுபடி பார்க்கும்.

பயந்த நாய் காதைப் பின்னால் மடக்கி, வாலைக் காலுக்குள் செருகி, பின்வாங்கிக்கொண்டே குரைக்கும். தீபாவளி வெடிக்குக் குரைப்பது இந்த வகை.

நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய் ஒரே ராகத்தில், எதையும் பார்க்காமல், "வவ்... வவ்..." என்று குரைத்துக்கொண்டே இருக்கும். இது சலிப்பும் தனிமையும் சேர்ந்த குரைப்பு. நம் தோட்டங்களில் தொந்தரவு தருவது பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று, நமக்குக் கேட்காதது அதற்குக் கேட்கும். மனிதக் காது விநாடிக்கு சுமார் 20,000 அதிர்வு வரைதான் உணரும். நாயின் காது 40,000-க்கு மேலும் உணரும். எலி கீச்சிடுவதும் அதற்குத் தெளிவாகக் கேட்கும். ஆகவே "ஒண்ணுமே இல்லாததுக்குக் குரைக்குது" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது.

குரைப்புக்குக் கூலி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்த வேலைக்குக் கூலி கிடைக்கிறதோ அந்த வேலையை நாய் திரும்பத் திரும்பச் செய்யும். கூலி கிடைக்காத வேலையை மெல்ல விட்டுவிடும். நாய் வளர்ப்பின் ரகசியமே இவ்வளவுதான்.

"நான் எங்கேங்க கூலி கொடுத்தேன்?" என்று கேட்பீர்கள். பாருங்க.

பால்காரர் வண்டி வருகிறது. நாய் குரைக்கிறது. பால்காரர் போய்விடுகிறார். அவர் தன் வேலை முடிந்து போகிறார். நாய்க்கு அது தெரியாது. "நான் குரைச்சேன், ஆள் ஓடிட்டான்" என்று எடுத்துக்கொள்கிறது. அதுதான் கூலி. வருடத்தில் 365 நாளும் இந்தக் கூலி தவறாமல் கிடைக்கிறது. பிறகு ஏன் விடும்?

சோற்றுக்குக் குரைக்கிறது. "சனியன், இந்தா தின்னு" என்று ஒரு உருண்டையைப் போடுகிறோம். அதுவும் கூலி.

சும்மா குரைக்கிறது. திண்ணையில் இருந்து "ஏய்! சும்மா இரு!" என்று கத்துகிறோம். நாய் என்ன நினைக்கும்? நாள் முழுக்கத் தனியாகக் கிடந்தது. இப்போது எஜமான் தன்னோடு பேசுகிறார். அதுவும் கூலிதான்! போதாக்குறைக்கு நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்று அதற்கு உற்சாகம் வேறு.

ரஷ்ய நாட்டு விஞ்ஞானி பாவ்லோவைப் பற்றிச் சிலர் படித்திருப்பீர்கள். 1904-ம் வருடம் நோபல் பரிசு வாங்கியவர். சோறு வருவதற்கு முன்னால் ஒரு சத்தத்தை எழுப்பி, அடுத்து சோற்றைக் கொடுத்து, இப்படியே பல தடவை செய்து பார்த்தார். பிறகு சோறு இல்லாமல் அந்தச் சத்தம் மட்டும் கேட்டாலே நாயின் வாயில் எச்சில் ஊறியது. எதற்குப் பின்னால் எது வருகிறது என்று நாய் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை நாம் மாற்றி எழுத வேண்டும். குரைப்புக்குக் கூலியை நிறுத்தி, அமைதிக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

முதல் வேலை: மூன்று நாள் கணக்கு

நான் அந்த விவசாயியிடம் முதலில் சொன்னது இதுதான். ஒரு பழைய நோட்டு எடுத்து, மூன்று நாளைக்கு, நாய் எத்தனை மணிக்குக் குரைத்தது, எதைப் பார்த்துக் குரைத்தது, எப்போது நிறுத்தியது என்று எழுதுங்கள் என்றேன். அவர் வீட்டுச் சின்னப் பையன் எழுதினான். பார்த்தால் நாள் முழுக்கக் குரைக்கிறது என்று நினைத்த நாய், முக்கியமாக நாலு சமயத்தில்தான் குரைத்தது: காலையில் பால் வண்டி, ரோட்டில் போகிற பிள்ளைகள், சாயந்திரம் சோற்றுக்கு முன்னால், ராத்திரி மற்ற நாய்கள் குரைக்கும்போது. நோய் எதுவென்று தெரிந்தால் மருந்து சுலபம் அல்லவா?

இரண்டாவது வேலை: காரணத்தைக் குறைப்பது

ஒன்று, சங்கிலி. நாலடிச் சங்கிலியில் 24 மணி நேரமும் கிடக்கிற நாய் குரைக்காமல் வேறென்ன செய்யும்? இரண்டு உறுதியான கம்பங்களுக்கு நடுவே 30, 40 அடி நீளத்துக்குத் துணி காயப்போடும் கொடி மாதிரி கம்பியை இழுத்துக் கட்டுங்கள். அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டுங்கள். நாய் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை நடமாடலாம். கம்பத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாதபடி, இரண்டு முனையிலும் கொஞ்சம் தள்ளியே கம்பியில் ஒரு தடை முடிச்சுப் போடுங்கள். கழுத்தில் சுருக்குக் கயிறு வேண்டாம். பட்டையான கழுத்துப் பட்டை போடுங்கள். விரல் இரண்டு நுழைகிற அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். கம்பி நிழலில் போகட்டும். தண்ணீர்ச் சட்டி எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு, நடை. காலையில் மடை திருப்பப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். சாயந்திரம் வேலியைச் சுற்றி ஒரு நடை. வேளைக்கு அரை மணி போதும். நடந்து களைத்த நாய் படுத்துத் தூங்கும். தோட்டத்தின் வாசனையும் எல்லையும் அதற்குப் பழகும். கட்டிப் போட்ட நாயை நடமாட விடாமல் வைப்பது 1960-ம் வருடத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது.

"அப்படின்னா ராத்திரி அவிழ்த்து விட்டுடலாமே"ன்னு சிலர் கேட்பீர்கள். வேலி அடைப்பு பலமாக இருந்தால் வளவுக்குள்ளே அவிழ்த்து விடலாம். வேலி இல்லாமல் விட்டால், அது வெளிக் கூட்டத்தோடு சேர்ந்து ஊர் சுற்றும். நாளைக்கு அடுத்தவர் பட்டியில் குட்டி செத்தால், அந்தக் கூட்டத்தில் நம் நாயும் இருந்திருக்கலாம். இதை மறக்க வேண்டாம்.

மூன்று, மறைப்பு. ரோட்டைப் பார்த்த மாதிரி கட்டினால் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் குரைக்கத்தான் செய்யும். இடத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் ரோட்டுப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று கட்டுங்கள். காவல் எங்கே வேண்டுமோ அங்கே நாய் இருக்கட்டும். நம் விவசாயி நாயை முன்னால் கட்டிவிட்டுப் பட்டியைப் பின்னால் வைத்திருந்தார். கம்பியைப் பட்டியோரம் மாற்றச் சொன்னேன்.

நான்கு, நேரம். சோறு தினமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், குரைக்கிற வாய்க்குச் சோறு வைக்காதீர்கள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். குரைப்பு நின்று பத்து எண்ணும் வரை அமைதியாக இருந்தால் வையுங்கள். மறுபடி குரைத்தால் தட்டோடு திரும்பிப் போங்கள். இரண்டு நிமிஷம் கழித்து வாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூலியை நிறுத்தினால் முதல் சில நாட்களுக்குக் குரைப்பு கூடும். "இத்தனை நாள் கிடைச்சுதே, இன்னும் கொஞ்சம் கத்திப் பார்க்கலாம்" என்று அது முயற்சி செய்யும். அந்தச் சமயத்தில் மனம் இளகிச் சோற்றைப் போட்டுவிட்டால், "அரை மணி நேரம் குரைச்சாத்தான் கிடைக்கும்" என்ற பாடத்தை நாமே கற்றுக் கொடுத்தவர்கள் ஆவோம். பிறகு திருத்துவது கஷ்டம். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "பத்து நாளைக்குக் கொஞ்சம் சத்தம் இருக்கும், பழக்கிட்டிருக்கோம், பொறுத்துக்கங்க" என்று. சொல்லிவிட்டுச் செய்தால் மனஸ்தாபம் வராது.

மூன்றாவது வேலை: "போதும்" என்ற ஒரு சொல்

இப்போது பழக்குவதைச் சொல்கிறேன். வேண்டியது நாலு நாள் பொறுமையும், ஒரு பிடி பண்டமும். வேகவைத்த முட்டைத் துண்டு, பொரிகடலை, வேகவைத்த கறித்துண்டு, நாய்க்கு எது பிடிக்குமோ அது. நகக்கண் அளவு போதும். எண்ணெய்ப் பலகாரம், வெங்காயம், சாக்லேட் வேண்டாம். வெந்த கோழி எலும்பும் கூடாது; உடைந்து குடலைக் குத்தும்.

நாய் குரைக்கும்போது பக்கத்தில் போங்கள். அது பார்க்கிற திசையை நீங்களும் ஒரு தரம் பாருங்கள். பிறகு சாதாரணக் குரலில், ஒரே ஒரு தடவை, "போதும்" என்று சொல்லி, பண்டத்தை மூக்குக்கு முன்னால் காட்டுங்கள். மோந்து பார்ப்பதற்காகக் குரைப்பதை நிறுத்தும். ஒன்று, இரண்டு எண்ணுங்கள். பண்டத்தைக் கொடுங்கள். நிறுத்திய அந்த நொடியிலேயே கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் போய் எடுத்து வருவதற்குள் மறுபடி குரைத்திருக்கும்; கூலி குரைப்புக்குப் போய்விடும். ஆகவே பண்டம் மடியிலேயே இருக்கட்டும்.

அடுத்த தடவை ஐந்து எண்ணிக் கொடுங்கள். அப்புறம் பத்து, இருபது. நடுவில் குரைத்துவிட்டால் திட்ட வேண்டாம்; கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். மறுபடி சின்ன எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். நாளைக்கு நாலைந்து தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

இரண்டு மூன்று நாள் கழித்து, பண்டத்தைக் காட்டாமல் சொல்லை மட்டும் சொல்லுங்கள். நிறுத்தினால் கொடுங்கள். நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு தடவையும் பண்டம் வேண்டியதில்லை. ஒரு தடவை பண்டம், ஒரு தடவை தலையைத் தடவி ஒரு நல்ல வார்த்தை. அதுவே போதும்.

இதில் ஒரு தந்திரத்தை நாய் கற்றுக்கொள்ளும். "குரைச்சு நிறுத்தினாத்தானே பண்டம்" என்று வேண்டுமென்றே குரைத்து நிறுத்தும். ஆகவே அது குரைக்காமல் இருக்கும்போதும் கொடுக்க வேண்டும். பால் வண்டி வந்து நாய் சும்மா படுத்திருந்தால், அன்றைக்கு இரட்டைக் கூலி! முடிந்தால் பால்காரரிடமே இரண்டு துண்டைக் கொடுத்து, நாய் அமைதியாக இருக்கும்போது போடச் சொல்லுங்கள். சில நாட்களில் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் குரைப்பதற்குப் பதிலாக வாலாட்டும்.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "போதும்", அம்மா "ச்சீ", பையன் "ஷட்டப்" என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. அப்பா மறுத்த சோற்றைப் பாட்டி பின்பக்கமாகப் போடவும் கூடாது.

"இப்படிப் பழக்கினா காவல் போயிடுமே?"

எல்லா விவசாயிகளும் கேட்கிற கேள்வி இது. போகாது. குரைக்காதே என்று நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. "மூணு நாலு குரை குரைச்சு என்னைக் கூப்பிடு, நான் வந்து பார்த்து போதும்னு சொன்னா நிறுத்து" என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். இது ஒரு ஒப்பந்தம் மாதிரி. அது கூப்பிட்டால் நாம் எழுந்து போக வேண்டும். ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு தரம் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டால், ஒப்பந்தத்தை முதலில் மீறுவது நாம்தான்.

செய்யக் கூடாதவை

அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் உங்களைக் கண்டால் அடங்கும். நீங்கள் இல்லாதபோது குரைக்கும். சில நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். குரைத்து எச்சரிக்கிற நாயைவிட எச்சரிக்காமல் கடிக்கிற நாய்தான் ஆபத்து.

வாயைக் கயிற்றால் கட்டாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயில் காலத்தில் வாயைக் கட்டினால் சூடு ஏறிச் செத்துவிடும்.

விஷம் வைக்கிற எண்ணத்தை யாரும் மனத்தால்கூட நினைக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அது மட்டுமல்ல, விஷம் கலந்த தீனியை நம் வீட்டுக் கோழியும், கன்றும், ஏன், குழந்தையும்கூட எடுத்துவிடலாம்.

குரைப்பில் நோய் தெரியும்

வழக்கமாகக் குரைக்காத நாய் திடீரென்று குரைக்க ஆரம்பித்தால் முதலில் உடம்பைப் பாருங்கள். காதில் சீழ், உண்ணி, சொறி, புண் இருக்கிறதா? வயதான நாய்க்குக் காது மந்தமானாலும் குரைப்பு கூடும். கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் சுற்றுவட்டார நாய்களெல்லாம் கூடிக் குரைக்கும். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது.

இப்போது நான் சொல்லப் போவதைத் தயவு செய்து கவனமாகக் கேளுங்கள். நாயின் குரலே மாறி, கம்மிப் போய், ஊளை கலந்த மாதிரி குரைத்தால், எச்சில் ஒழுகினால், கீழ்த்தாடை தொங்கினால், எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்தால், அல்லது இருட்டில் போய் ஒதுங்கிக்கொண்டால், வெறிநோயாக இருக்கலாம். "தொண்டையில் எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். இப்படிக் கைவிட்டு உயிரை இழக்க நேரலாம். கிட்டே போகாமல், கால்நடை மருத்துவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

நாய் கடித்தாலோ, நகத்தால் பிராண்டினாலோ, புண்ணில் அதன் எச்சில் பட்டாலோ, உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். பழைய காலம் மாதிரி தொப்புளைச் சுற்றி ஊசி இல்லை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். டாக்டர் சொல்கிற எல்லா நாட்களும் போய் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது. நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் அனேகமாகப் பிழைக்க வைக்க முடியாது.

பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1885-ம் வருடம் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். அவர் பெயரில் நம் நீலகிரி குன்னூரில் 1907-ல் துவங்கிய நிலையம் இன்றும் இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வெறிநோயில் ஒருவர் சாவது என்றால் அது அறியாமையால் வருகிற சாவுதான். உங்கள் நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

குட்டியிலேயே பழக்குங்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் மண்ணுக்கே உரிய நல்ல ஜாதி நாய்கள் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005-ம் வருடம் தபால் தலைகூட வெளியிட்டார்கள். ஆனால் ஜாதி எதுவானாலும் பழக்கம்தான் முக்கியம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் குட்டியின் மனம் ஈர மண் மாதிரி. அந்தச் சமயத்தில் வண்டிச் சத்தம், டிராக்டர், குழந்தைகள், குடை பிடித்தவர், தலையில் புல்லுக்கட்டு சுமந்தவர் எல்லாவற்றையும் பக்கத்தில் காட்டிப் பழக்குங்கள். தாயிடமிருந்து இரண்டு மாதம் ஆவதற்குள் பிரிக்காதீர்கள். அப்படி வளர்ந்த நாய் எதற்குக் குரைக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்து வளரும்.

முடிவாக

நான் சொன்ன அந்த விவசாயி, ஒன்றரை மாதம் விடாமல் செய்தார். கம்பி போட்டார், தட்டி கட்டினார், காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப் போனார். வீட்டில் பெரியவரிலிருந்து சின்னவர் வரை "போதும்" ஒன்றையே சொன்னார்கள். குரைப்பு சுத்தமாக நின்றுவிடவில்லை. பௌர்ணமி வெளிச்சத்தில் ஊர் நாய்கள் கச்சேரி வைத்தால் இன்றும் அதுவும் கொஞ்சம் பாடும். ஆனால் முன்னைப் போல இல்லை.

சில மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது ஒரு விஷயம் சொன்னார். ஒரு ராத்திரி இரண்டு மணிக்குச் செல்போன் அடித்திருக்கிறது. எடுத்தால், வேலியோரம் நின்று சண்டை போட்ட அதே பங்காளி. "அண்ணா, உங்க நாய் குரைக்குது. சும்மா குரைக்காதே அது. எந்திரிச்சுப் பாருங்க, நானும் டார்ச் எடுத்துட்டு வாரேன்" என்றாராம். இரண்டு பேரும் போய்ப் பார்த்தால், கன்றுக்குட்டி கட்டுத்தறியில் கயிற்றைக் கழுத்தில் முறுக்கிக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. அறுத்துவிட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நாய்க்குக் காவல் புதிதாக வந்துவிடவில்லை, விவசாயப் பெருமக்களே. அதன் குரைப்புக்கு மறுபடி மதிப்பு வந்தது, அவ்வளவுதான். உங்கள் வீட்டு நாயின் குரைப்புக்கும் அந்த மதிப்பு வரட்டும். இன்றைக்கே ஒரு பழைய நோட்டை எடுங்கள். மூன்று நாள் கணக்கை எழுத ஆரம்பியுங்கள்.

இந்த அளவில் என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.